சாம்பல் கட்டம்

அலுவலகத்தில் அவருக்குச் சாயக்காரர் என்று பெயர். துணிக்குச் சாயம் போடுகிறவர் இல்லை, நாட்டுக்கே சாயம் போடுகிறவர். உலக நாடுகள் எல்லாம் ஒன்றுகூடி, வறுமை ஒழிய வேண்டும், பசி தீர வேண்டும், பிள்ளை பெறப் போகிறவள் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்று பல இலக்குகளை எழுதிக் கையெழுத்துப் போட்டனவே, போட்ட பிறகு யார் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள் என்று ஒருவன் பார்க்க வேண்டாமா? நம் நாட்டுக்கு அதைப் பார்க்கிறவர் இவர்தான். புள்ளிவிவரத் துறை, நாலாவது மாடி. லிஃப்ட் ஏட்டில் இருக்கிறது, ஏறத்தான் முடியாது.

வேலை கேட்பதற்குச் சுலபம். ஒரு பெரிய பட்டியல். இடது பக்கம் வட்டாரங்கள், மேலே இலக்குகள், நடுவே கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். பச்சை என்றால் இலக்கை எட்டியாயிற்று. மஞ்சள் என்றால் போய்க்கொண்டிருக்கிறோம். சிவப்பு என்றால் எழுந்திருக்கவே இல்லை. நாலாவதாக ஒரு நிறம் உண்டு, சாம்பல். கணக்கு வரவில்லை, அல்லது வந்த கணக்கை நம்ப முடியவில்லை என்று அதற்கு அர்த்தம். இருபத்திரண்டு வருடமாக இந்த நாலு நிறங்களோடுதான் அவர் குடித்தனம் நடத்தினார்.

வருடத்துக்கு ஒருமுறை அக்கம்பக்கத்து நாடுகள் ஓரிடத்தில் கூடும். ஒவ்வொரு நாடும் தன் பட்டியலை விரித்துக் காட்ட வேண்டும், மற்ற நாடுகள் கேள்வி கேட்கும். பின்வரிசையில் உதவிக் குழு உட்கார்ந்திருக்கும். பணமும் பொருளும் உள்ள நாடுகள் சேர்ந்து அமைத்த குழு அது. அவர்களுடைய விதி ஒரே வரி: சிவப்புக்கு உதவி. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று நாம் சொல்வதை அவர்கள் நாற்பது பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

இவருடைய தங்கை ஏரித் தீவில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். ஏரி என்றால் நம் ஊர்க் குளத்தைவிடக் கொஞ்சம் பெரிது என்று நினைத்துவிட வேண்டாம். அக்கரை தெரியாத ஏரி. பாதி நமக்கு, பாதி பக்கத்து நாட்டுக்கு. நம் பாதியில் அந்தத் தீவு ஒரு தனி வட்டாரம். வருடத்துக்கு நானூறு பிரசவம் நடக்கும். ஒரு சுகாதார நிலையம், இரண்டு கட்டில், ஒரு நர்ஸ். டாக்டர் பதவி பதினெட்டு மாதமாகக் காலி. பிரசவம் சிக்கலாகிவிட்டால் கரையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சரக்குப் படகில் இரண்டரை மணி நேரம். காற்று அடித்தால் அதுவும் கிடையாது. போன வருடம் ஆறு தாய்மார்கள் செத்துப்போனார்கள். அதில் மூன்று பேருக்குப் படகிலேயே உயிர் போயிற்று.

அந்த ஆறு பேரையும் தங்கைதான் படிவத்தில் எழுதினாள். மாதம் ஒரு படிவம். பெயர், வயது, எத்தனையாவது பிள்ளை, வலி எடுத்த நேரம், உயிர் போன நேரம். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. சாயக்காரர் அந்தப் படிவங்களை எடுக்கும்போது பக்கத்து மேஜைக்காரர்களுக்குக் கேட்கும்படியாகவே, "பாருங்கய்யா, எழுத்துன்னா இது எழுத்து" என்பார்.

ஆறு என்றால் எல்லைக்கு மேல். சந்தேகமே இல்லை, சிவப்பு. அதோடு அந்த வருடம் உதவிக் குழு மூன்று ஆஸ்பத்திரிப் படகுகளை ஒதுக்கி வைத்திருப்பதாகவும், தாய்மார் இறப்பில் சிவப்பாக இருக்கும் நீர்க்கரை வட்டாரங்களுக்கு அவை போகும் என்றும் ஒரு சுற்றறிக்கை வந்தது. மனுஷன் சும்மா இருப்பாரா? அன்றைக்கே தங்கைக்குப் போன் போட்டார்.

"உனக்குப் படகு வந்த மாதிரிதாம்மா."

"நிஜமாவா அண்ணா? மோட்டார் படகா?"

"மோட்டார், ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன், எல்லாம். நாப்பது நிமிஷத்துல கரைக்குப் போயிடலாம்."

எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டது என்று அவர் நினைத்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "இங்க எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். தாராளமாகச் சொல் என்றார் அண்ணன். சாயங்காலத்துக்குள் தீவு முழுக்கச் செய்தி போய்விட்டது.

இந்த இடத்தில் ஒரு நடைமுறையைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. படிவத்தில் டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும் என்பது விதி. முத்திரை இல்லாத படிவம் வராத படிவம். டாக்டரே இல்லாத இடத்தில் முத்திரைக்கு எங்கே போவது? டாக்டர் இல்லாத இடத்தில்தான் ஜனங்கள் அதிகமாகச் சாகிறார்கள் என்பது விதியை எழுதிய மகானுபாவனுக்குத் தோன்றவில்லை. அதனால் சாயக்காரர் தாமே ஒரு வழி வைத்திருந்தார். முத்திரை இல்லாத படிவம் வந்தால் அந்த நிலையத்துக்குப் போன் செய்வார். ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு தேதியாகப் படித்துச் சரிபார்ப்பார். பிறகு ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக். அந்த டிக் இருந்தால் படிவம் கணக்கில் சேரும். எந்தப் புத்தகத்திலும் எழுதாத வழக்கம். எட்டு வட்டாரங்கள் அந்தப் பென்சில் டிக்கை நம்பித்தான் பட்டியலில் உயிரோடு இருந்தன.

கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

இயக்குநர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. கெட்டவராக இருந்தால் தேவலை, எதிர்த்தாவது நிற்கலாம். அவர் சிரித்துப் பேசுகிறவர், டீ வரவழைத்துக் கொடுக்கிறவர். மேஜை மேல் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, சிவப்புக் கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"பத்து."

"ஆமா சார்."

"போன வருஷம் நாம எத்தனை?"

"ஒன்பது சார்."

"பக்கத்து நாட்டுக்காரன்?"

"அவங்களும் ஒன்பது."

"அவன் இந்தத் தடவை எட்டோட வருவான். நாம பத்தோட போய் நிக்கிறதா? அமைச்சரே நேர்ல வந்து பேசப் போறாரு. அவர் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

"எண்ணிக்கை அப்படி இருக்கே சார். நான் எப்படிக் குறைக்க முடியும்?"

"குறைக்கச் சொன்னேனா? சரியா பாருங்கன்னுதானே சொல்றேன்."

ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார்கள். பள்ளிக்கூடச் சிவப்பில் கை வைத்தால் அந்தத் துறைக்காரர் கூரையைப் பிய்த்துவிடுவார். குடிநீர்ச் சிவப்புக்கு ஏற்கெனவே உதவி கேட்டுக் கடிதம் போயாயிற்று. இப்படி வந்து வந்து விரல் கடைசியில் ஏரித் தீவில் நின்றது. கேட்க நாதியில்லாத இடத்தில்தான் எப்போதும் நிற்கும்.

"இந்தப் படிவத்துல முத்திரை எங்கே?"

"டாக்டர் இல்ல சார் அங்க. நாங்க போன்ல சரிபார்த்து டிக் போடுவோம். ரொம்ப வருஷமா வழக்கம்."

"இந்த வருஷம் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல. நாளைக்குத்தான் உட்காரணும்."

"அப்ப போடாதீங்க."

சாயக்காரர் டீயைக் கீழே வைத்தார். இயக்குநர் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்க பாருங்க, உங்களை யாரும் பொய் சொல்லச் சொல்லலை. ஒரு எண்ணை மாத்தச் சொல்லலை. பென்சிலைக் கையில எடுக்காதீங்க, அவ்வளவுதான். விதிப்படி அது வராத படிவம். சாம்பல். அதோட அது உங்க தங்கச்சி எழுதின படிவம் வேற. அண்ணன் தங்கச்சிக்கு டிக் போட்டு படகு வாங்கிக் குடுத்துட்டாருன்னு நாளைக்கு ஒருத்தன் எழுதிட்டான்னு வைங்க, உங்க இருபத்திரண்டு வருஷப் பேரு என்னாகிறது?"

அடேயப்பா, என்ன கரிசனம்! சாயக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இயக்குநர் எழுந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டே, ஏதோ ஞாபகம் வந்தவர் போலக் கேட்டார்.

"ஆமா, பாஸ்போர்ட் வச்சிருக்கீங்களா? இந்தத் தடவை நீங்களும் வர்றீங்க."

இருபத்திரண்டு வருடமாகப் பட்டியல் தயாரித்தவர் ஒருமுறைகூட அந்தக் கூட்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஒவ்வொரு வருடமும் வேறு யாரோ அந்தத் தாள்களைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினார்கள். திரும்பி வந்து அங்கே நாற்காலி எப்படி, சாப்பாடு எப்படி என்று கதை சொன்னார்கள். இவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் இருந்தது. எட்டு வருடம் முன்பு, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துப் பீரோவில் வைத்தது. மனுஷன் விழுந்துவிட்டார். பெரிய லஞ்சத்துக்கு விழுந்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். ஒரு நாற்காலிக்கு விழுந்தவரை என்ன சொல்லித் திட்டுவது?

மறுநாள் மற்ற ஏழு வட்டாரங்களுக்கும் போன் செய்தார், டிக் போட்டார். தீவின் பன்னிரண்டு படிவங்களை மட்டும் அடுக்கிக் கட்டித் திரும்ப உறையில் போட்டார். கட்டம் சாம்பலாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே ஆறு பிணத்தை ஒரு கட்டத்தில் மறைத்தாயிற்று.

வீட்டில் மனைவி பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்தாள். புருஷன் முகத்தை வைத்தே பாதி விஷயத்தைக் கண்டுபிடிக்கிறவள் அவள். மீதிப் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"கூட்டம் முடியட்டும்."

"முடிஞ்சப்புறம் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம். ஒரு வருஷந்தானே."

கடைசிச் சட்டையை மடிக்காமல் அப்படியே பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

கூட்டம் நடந்த மண்டபத்தில் குளிர் எலும்பைத் துளைத்தது. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு மைக், காதில் மாட்ட ஒரு கருவி. எவர் எந்த மொழியில் பேசினாலும் அதில் நமக்குப் புரிகிற மொழியில் வந்துவிடும். சாயக்காரர் அமைச்சருக்குப் பின்னால், இயக்குநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்காலி நன்றாகத்தான் இருந்தது. அமைச்சர் எழுந்து இருபது நிமிடம் பேசினார். உலக ஒத்துழைப்பு, ஒருவரும் பின்தங்கக் கூடாது, எதிர்காலத் தலைமுறை, எல்லாம் வந்தது. ஒன்பது சிவப்பு. கைதட்டல். இயக்குநர் இவருடைய முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்தது பக்கத்து நாடு. அவர்களுடைய அமைச்சர் வரவில்லை. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். ஜலதோஷம் பிடித்துக் குரல் கட்டியிருந்தது. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துத் துடைத்துப் பேசினார். திரையில் அவர்களுடைய பட்டியல் வந்தபோது மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. பதினாலு சிவப்பு.

போன வருடம் ஒன்பது என்று சொன்னோம், அது தப்பு என்றார் அந்த அம்மா. வீடு வீடாகப் போய் எண்ணிப் பார்த்தோம், பதினாலு. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் வெட்கத்தால் எந்தத் தாயும் பிழைக்கப் போவதில்லை, அதனால் கொண்டுவந்துவிட்டோம். இவ்வளவுதான் பேச்சு. மூன்று நிமிடம். கைதட்டல் இல்லை. ஆனால் இடைவேளையில் உதவிக் குழுக்காரர்கள் எல்லாரும் அந்த அம்மாவின் மேஜையைச் சுற்றித்தான் நின்றார்கள். மூன்று படகில் இரண்டு அவர்களுக்கு, அவர்கள் பக்கத்து ஏரிக்கரைக்கு. மூன்றாவது எங்கேயோ ஒரு கடலோர நாட்டுக்கு.

மதியம் கேள்வி நேரம். அந்த அம்மா நம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு நாட்டுக்கும் ஏரி ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். எங்கள் கரையில் தாய்மார்கள் சாகிறார்கள். உங்கள் தீவில் என்ன நடக்கிறது? இந்தக் கட்டம் ஏன் சாம்பலாக இருக்கிறது? நீங்களும் சிவப்பு என்றால் சேர்ந்தே படகு கேட்டிருக்கலாமே. குத்திக்காட்டுகிற குரல் இல்லை. மெய்யாகவே கேட்டார்.

அமைச்சர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மைக்கை நகர்த்திச் சாயக்காரர் முன்னால் வைத்து, "நீங்களே சொல்லிடுங்க, உங்க ஏரியாதானே" என்றார்.

மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. சொல்லியிருக்கலாம். ஆறு பேர் செத்தார்கள் என்று மூன்று சொல். வேலை போகுமா, தலை போகுமா? அதிகபட்சம் அடுத்த வருடம் நாற்காலி போயிருக்கும். ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் வாய் தானாகவே ஒரு வாக்கியத்தைச் சொன்னது.

"அந்த வட்டாரத்திலிருந்து நம்பத்தகுந்த படிவங்கள் வரவில்லை."

முப்பது பேருடைய காதுகளில் அது முப்பது பேருக்கும் புரிகிற மொழியில் போய் விழுந்தது. கூட்டக் குறிப்பிலும் ஏறியது. அந்த அம்மா நன்றி என்று சொல்லி உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சாம்பலுக்கு உதவி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. உண்டு. கணக்கு எழுதத் தெரியாதவர்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுப்பது. மூன்று மாதம் கழித்துத் தீவுக்கு ஒரு கடிதமும் இரண்டு கைக்கணினிகளும் போய்ச் சேர்ந்தன. உங்கள் பதிவுகள் நம்பத்தகுந்தவை அல்ல என்று மீளாய்வுக் கூட்டத்தில் பதிவாகியிருப்பதால், பொறுப்பு நர்ஸ் கரைக்கு வந்து ஆறு நாள் பயிற்சியில் கலந்துகொள்ள வேண்டும். தவறினால் நடவடிக்கை.

சாயக்காரருக்கு அந்தக் கடிதத்தின் நகல் வந்தது. படித்தார், கோப்பில் வைத்தார். தங்கையிடமிருந்து போன் வரும் என்று தினமும் பயந்துகொண்டிருந்தார். வரவில்லை. அவள் எப்போதும் ஞாயிறு பேசுகிறவள். ஐந்து ஞாயிறு போனது. ஆறாவது வாரம், ஒரு புதன்கிழமை, அலுவலக நேரத்தில் கூப்பிட்டாள்.

"அண்ணா, வேலையா இருக்கியா?"

"சொல்லும்மா."

"உன் மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னுதான் இத்தனை நாள் பேசலை. அவ்வளவு பெரிய கூட்டத்துல, நீ உட்கார்ந்திருக்கும்போது, என் படிவம் சரியில்லைன்னு வந்திருக்கே. உனக்கு எவ்வளவு அவமானமா இருந்திருக்கும்."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"பழைய படிவமெல்லாம் எடுத்து ஒவ்வொண்ணா பாத்தேன். எங்க தப்புன்னு எனக்குத் தெரியவே இல்லண்ணா. சரி, நமக்கு என்ன தெரியும், படிச்சவங்க சொல்றாங்கன்னு பயிற்சிக்குப் போனேன். நாலாவது நாள்... நம்ம பள்ளிக்கூட டீச்சர் இருக்காளே, உன்கிட்டகூட ஒருநாள் போன்ல பேசினாளே, அவளுக்கு முன்கூட்டியே வலி வந்திருக்கு. நான் இல்ல. நான் கரையில உட்கார்ந்து கட்டத்துல பேரு எழுதப் பழகிட்டிருக்கேன். ரத்தம் நிக்கலையாம். நான் இருந்திருந்தா ஒரு ஊசி, ஒரே ஊசி, நிறுத்தியிருப்பேண்ணா. குழந்தை மட்டும் இருக்கு."

"ஏம்மா..."

"நான் முதல்லயே படிவம் ஒழுங்கா எழுதியிருந்தா என்னைப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க. அவ செத்திருக்க மாட்டா. என் சோம்பேறித்தனந்தான் அவளைக் கொன்னுடுச்சு. உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?"

அப்போதும் அவர் சொல்லவில்லை. "அழாதே, அழாதே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்த பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். பக்கத்து மேஜைக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை நின்றார்.

வீட்டில் சொன்னபோது மனைவி, "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். "கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரந்தான். ஆனா அவ தன்னைத்தானே கொலைகாரின்னு நினைச்சுக்கிட்டிருக்கா. அதையாவது போய் எடுத்துவிடுங்க."

முதன்முறையாக அவர் அந்த ஏரியைப் பார்த்தார். பட்டியலில் அது ஒரு விரல்நகம் அளவு கட்டம். சரக்குப் படகில் சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நடுவழியில் இரண்டு தரம் வாந்தி எடுத்தார். வலியோடு ஒருத்தி இந்த மூட்டைகளின் மேல் படுத்து வந்திருப்பாள் என்று நினைத்தபோது மூன்றாவது தரமும் எடுத்தார்.

படகுத்துறையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். தலைநகரத்திலிருந்து அதிகாரி வருகிறார் என்று தெரிந்து வந்தவர்கள். புதுப் படகு நிற்பதற்கென்று ஒரு பக்கமாகக் கல்லெல்லாம் அகற்றிச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். "எப்ப சார் வருது?" என்று ஒருவர் கேட்டார். தங்கை முன்னால் வந்து அவர் பையை வாங்கிக்கொண்டு, "அண்ணனை மூச்சு விட விடுங்க" என்று கூட்டிப்போனாள். ஒரு வருடத்தில் பத்து வயது கூடியவள் போல இருந்தாள். துறையிலிருந்து ஏறும்போது, ஏரியில் தூரத்தில் வெள்ளையாக ஏதோ வேகமாகப் போனது. அவர் நின்று பார்த்தார்.

"அது அந்தக் கரைப் படகு. அவங்களுக்கு வந்துடுச்சு" என்றாள். "ஒரு தடவை கையைக் காட்டிக் கூப்பிட்டோம். நடு ஏரி வரைக்கும் வந்தாங்க, நம்ம பொண்ணு ஒருத்தியைப் படகு விட்டுப் படகு மாத்திக் கொண்டுபோய்க் காப்பாத்திட்டாங்க. எல்லையைத் தாண்டிட்டான்னு அந்த டிரைவருக்கு ஓலை போயிடுச்சாம். அதுக்கப்புறம் நாங்க கூப்பிடுறதில்ல. பாவம், அவனும் பிள்ளைகுட்டிக்காரன்."

அவளுடைய வீடு சுகாதார நிலையத்துக்குப் பின்னால். முன்னறையில் பாய்கள் விரித்திருந்தன. நிறைமாதப் பெண்கள் உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். வெளியே சமையலறைப் பக்கமாக வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் சொல்லிவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"உன் படிவத்துல ஒரு தப்பும் இல்ல. நான்தான் டிக் போடலை."

அவளுக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னார். முத்திரை, பென்சில், பத்தை ஒன்பதாக்கியது, பாஸ்போர்ட். எதையும் விடவில்லை. அவள் கழுவி வைத்த கத்தரிக்கோல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து டப்பாவில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"கூட்டத்துல சொன்னது யாரு? நம்பத்தகுந்த படிவம் வரலைன்னு?"

"நான்தான். என் வாயாலதான்."

கை நின்றது. அவர் எதிர்பார்த்தது திட்டு. திட்டினால், அடித்தால், நன்றாக இருந்திருக்கும். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசத்துக்கு மேல நான் தூங்கலை. அந்தக் குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் உன் அம்மாவை நான்தான் கொன்னேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே தூக்குவேன். உனக்குத் தெரியுமா அது? நீ என் கூடப்பிறந்தவன்தானா?"

அவர் கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண், "அக்கா, சுடுதண்ணி ஆறுது" என்று கூப்பிட்டாள். "வரேன்" என்று இவள் குரல் கொடுத்தாள். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. அந்த வேலையில் பழகியிருந்தாள்.

"இந்த வருஷம் நான் டிக் போடுவேன்" என்றார் அவர். "எவன் சொன்னாலும் போடுவேன். சத்தியமா."

"போடு. இந்த வருஷம் இதுவரைக்கும் மூணு பேர், டீச்சரோட சேர்த்து. வருஷம் முடிய நாலு மாசம் இருக்கு." டப்பாவை மூடினாள். "போன வருஷத்துல பாதி. பதினஞ்சு நாள் முன்னாடியே பொண்ணுங்களைக் கூட்டிவந்து இங்கயே வச்சுக்கிறேன். காத்து இல்லாத நாளாப் பாத்துக் கரைக்கு அனுப்பிடறேன். என்னால முடிஞ்சது அதுதான். மூணுன்னா எங்களுக்கு என்ன நிறம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேக்குறேன்ல. என்ன நிறம்?"

"மஞ்சள்."

"மஞ்சளுக்குப் படகு உண்டா?"

"இல்லம்மா. உதவி இல்லாமலே முன்னேறுதுன்னு எடுத்துக்குவாங்க."

அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து, அவர் கண்ணுக்கு நேராகக் குனிந்து கேட்டாள்.

"சிவப்பாகணும்னா இன்னும் எத்தனை பேர் சாகணும்?"

இருபத்திரண்டு வருடமாக மனப்பாடமான எண். அவர் வாயைத் திறந்தார்.

"ரெண்டு..."

அவள் சட்டென்று கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாச் சொல்லு. உள்ள நாலு பேர் இருக்காங்க."